கல்லறைத் தோட்டத்து ஜாஸ் கச்சேரி

அத்தியாயம் 12

தபாலாபீஸ் பியூன் சைக்கிளைவிட்டு இறங்கக்கூட இல்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, பந்தலுக்குக் கீழே நின்ற குணசுந்தரியைப் பார்த்து அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

"மெட்ராஸ் பேண்டுக்கார அம்மா நீங்கதானே? பொன்னேரியிலேருந்து போன் வந்துது. தேவதாஸ்னு ஒருத்தரு பேசினாரு. வேனு அச்சு ஒடஞ்சி பூட்ச்சாம். யாரும் வர முடியாதாம். கச்சேரிய ரத்து பண்ணிடச் சொன்னாரு."

சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டான்.

குணசுந்தரி கையிலிருந்த சாக்ஸபோனைப் பார்த்தாள். பந்தலைப் பார்த்தாள். மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் ஏணியில் நின்றபடி அவளைப் பார்த்தார்கள்.

டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்து வாசல் வளைவில் ஒரு கல் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். அதன் தோளில் ஆள் உயர வயலின்போன்ற தன் டபுள் பாஸைச் சாய்த்து வைத்துவிட்டு, நரம்புகளை முறுக்கிக்கொண்டிருந்தார் கலந்தர். அவர் கை நின்றுவிட்டது.

"முடிஞ்சி போச்சி, குணா" என்றார். "மாஸ்டர் இல்ல, பியானோ இல்ல, டிரம் இல்ல. நீயும் நானும் இன்னா பண்றது? நம்ம ஊட்டுக்குப் போய் பிரியாணி சாப்பிடலாம் வா. அம்மா காலையிலயே தம் போட்டாச்சு."

அவள் சாக்ஸபோனைக் கீழே வைக்கவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், இதே பழவேற்காட்டில், மறுநாள் கல்யாணம் என்று தெரிந்தே, வாத்தியம் கற்கும் ஆசையில் பஸ் ஏறிப் போனவள் குணசுந்தரி என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும். ராயபுரத்தில் அத்தை குப்பம்மா வீட்டில் தங்கி, மாதா கோயில் பேண்டில் கிளாரினெட் பிடித்து, பிறகு சாக்ஸபோனுக்கு மாறி, மவுண்ட் ரோடு ஓட்டலில் தேவதாஸ் மாஸ்டரின் ஜாஸ் பேண்டில் சேர்ந்தாள். எட்டு வருஷமாக அதே இரண்டாவது நாற்காலி. மாஸ்டர் கண்ணைக் காட்டினால் வாசிப்பாள். கையைத் தாழ்த்தினால் நிறுத்துவாள்.

நேற்றுத்தான், ஹாலந்து விருந்தாளிகளுக்கு வாசிக்கப்போகும் மேடையைப் பார்த்து வைக்கச் சொல்லி மாஸ்டர் அவளையும் கலந்தரையும் முன்கூட்டியே அனுப்பிவைத்தார். கலந்தருக்குச் சொந்த ஊர் பழவேற்காடு. அவளுக்கும்தான். ஆனால் அவளுக்கு இங்கே போய் நிற்க ஒரு வீடு இல்லை. பஸ் ஸ்டாண்டில் இறால் கூடையோடு நின்ற அண்ணி தெய்வநாயகி அவளைக் கண்டதும் கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அண்ணன் தசரதன் பெயரை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"பாய்" என்றாள் குணசுந்தரி. "ஹாலந்துலேருந்து வர்றவங்கள்ல ஒருத்தரு ஜாஸ் விழா நடத்துறவருன்னு மாஸ்டர் சொன்னாரு இல்ல?"

"ஆமா. மெய்யருன்னு பேரு. அதுக்காகத்தான் மாஸ்டர் புது கோட்டு தெச்சாரு."

"அவரு திரும்ப பழவேற்காட்டுக்கு எப்ப வருவாரு?"

"எதுக்கு வரப் போறாரு? முன்னூறு வருஷத்துக்கு முந்தி செத்த அவங்க ஊர் ஆளுங்க சமாதிய ஒரு தடவ பாத்தா போதாதா?"

அந்த நேரம் பார்த்து தாசில்தாரின் ஜீப் வந்து நின்றது. அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி இறங்கினார். காலையிலிருந்து பத்துத் தடவையாவது அந்தப் பந்தலைச் சுற்றி வந்திருப்பார். இது கலெக்டர் நேரடியாகச் சொல்லிவிட்ட வேலை.

"இன்னாம்மா, பேண்டு ரெடியா? விருந்தாளிங்க அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடுவாங்க."

கலந்தர் வாயைத் திறந்தார்.

"ரெடி சார்" என்றாள் குணசுந்தரி.

ஜீப் போனதும் கலந்தர் அப்படியே ஒரு கல்லறைமேல் உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா! எந்த பேண்டு ரெடி?"

"தெரியல பாய்" என்றாள். அவள் முகம் சிவந்திருந்தது. பயமா, சந்தோஷமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "வாங்க. பஜாருக்குப் போலாம்."

*

பஜாரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார் சம்பந்தம். கடைக்குள்ளே சைக்கிள் டியூப்களோடு டிரம்பெட், யூபோனியம் என்னும் பெரிய பித்தளை ஊதுகுழல், சைடு டிரம் எல்லாம் தொங்கும். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் மாப்பிள்ளை அழைப்புக்கு வருவது 'சம்பந்தம் பேண்டு செட்'தான்.

குணசுந்தரி விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை அவர் ஒரு டியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே இருந்தார். குமிழிகள் வந்தன. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"வெள்ளக்காரங்க முன்னாடியா?"

"ஆமாண்ணே."

"நாங்க கல்யாணப் பாட்டுதாம்மா வாசிப்போம். நலங்குப் பாட்டு, ஊர்வலத்துக்கு நடைப் பாட்டு. உங்க மெட்ராசு மேளம் எல்லாம் எங்களுக்கு வராது."

"உங்களுக்கு வர்றத வாசிங்க. மேல நான் வாசிக்கிறேன்."

சம்பந்தம் டியூப்பை விட்டுவிட்டு எழுந்தார். முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. யூபோனியம்காரரும் சைடு டிரம்காரரும் பக்கத்துத் தெருதான். கூப்பிட்டால் வந்துவிடுவார்கள் என்றார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"பெரிய டிரம்முக்கு ஆள் வேணும். அது இல்லாம எங்க பசங்களுக்குத் தாளம் நிக்காது."

"யாரு வாசிப்பா?"

"உனக்குத் தெரியாதா? உங்க அண்ணன்தான். ஏழெட்டு வருஷமா தசரதன்தான் நம்ம டிரம்மு."

அவள் இசையால்தான் தலைகுனிவு வந்தது என்று ஊர்க் கூட்டத்தில் சத்தம் போட்டவன் தசரதன். அவன் தோளில் டிரம்மா?

"அவன் வரலேன்னா கோட்டைக்குப்பத்துல கருப்பன்னு ஒருத்தன் கீறான். ஆள் அனுப்பி இட்டாரலாம்" என்றார் சம்பந்தம், அரை மனதாக.

"அண்ணன் இப்ப எங்க?"

"இன்னிக்கு அவன் பாடு. ஏரியில வலை கட்டிட்டு நிப்பான்."

பழவேற்காட்டு ஏரியில் மீன் நன்றாக விழும் இடங்களைப் பாடு என்பார்கள். ஊரார் முறைவைத்து அவற்றைப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவன் தன் முறையை விட்டால், எல்லோரும் ஒரு சுற்று முடித்து அது அவனிடம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். அன்றைக்கு ஒருவனைத் தண்ணீரிலிருந்து கரைக்குக் கூப்பிடுவது, சாப்பிட உட்கார்ந்தவனை இலையிலிருந்து எழுப்புவதைவிட மோசம்.

"பாய், நீங்க இங்க இருந்து இவங்களோட ஆரம்பிங்க" என்றாள் குணசுந்தரி. "நான் போயி கூப்பிட்டு வரேன்."

*

அண்ணி தெய்வநாயகிதான் தோணி பிடித்தாள். தானும் ஏறிக்கொண்டாள். "நீ ஒத்தையில போனா ரெண்டு பேரும் ஏரியிலயே சண்ட போட்டு முழுவிடுவீங்க" என்றாள்.

பசியாவரம் தீவைச் சுற்றிக்கொண்டு தோணி வடக்கே போனது. மாசிக் காற்று முகத்தில் அறைந்தது. தண்ணீர் வற்றிய காலம். தோணிக்காரர் கழியை ஊன்றித் தள்ள, அது ஒரு கணம் தயங்கி, பிறகு வழுக்கிக்கொண்டு ஓடியது. தூரத்தில் பூநாரைக் கூட்டம் ஒன்று எழும்பி மறுபடி உட்கார்ந்தது. குணசுந்தரி எதையும் பார்க்கவில்லை. அண்ணனிடம் முதல் வார்த்தை என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து ஒன்றும் கிடைக்காமல் இருந்தாள்.

ஓர் இடத்தில் தோணி தரை தட்டியது. அங்கிருந்து வலை தெரிந்தது. குச்சிகளை வளைவாக நட்டுக் கட்டிய சுற்று வலை. நடுவில், இடுப்பளவுத் தண்ணீரில், தலையில் துண்டு கட்டிக்கொண்டு தசரதன் நின்றான்.

குணசுந்தரி புடவையை முழங்காலுக்குமேல் சொருகிக்கொண்டு சேற்றில் இறங்கி நடந்தாள். நாலடி வைத்ததும் கால் புதைந்து முன்னால் விழப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரு அது?" என்றான். தெரிந்தேதான் கேட்டான்.

"நான்தாண்ணா. குணா."

"எனக்கு அந்தப் பேர்ல யாரையும் தெரியாது."

"சரி. தெரியாதவ ஒருத்தி வந்து கேக்கறான்னு வெச்சிக்க. சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துல கச்சேரி. டிரம்முக்கு ஆள் வேணும்."

தசரதன் வலைப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரு முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான். அது நன்றாகத்தான் இருந்தது.

"அன்னிக்கு பஸ்சு ஏறும்போது ஒரு வார்த்தை சொன்னியா?" திரும்பாமலே கேட்டான்.

"சொல்லியிருந்தா உட்டிருப்பியா?"

"உட்டிருக்க மாட்டேன்!" இப்போது திரும்பிவிட்டான். குரல் ஏரி முழுக்கக் கேட்டது. "காலை ஒடச்சி ஊட்டுல போட்டிருப்பேன். ஆனா நீ சொல்லியிருக்கணும்! பந்தல்ல நான் நிக்கறேன். மாப்பிள்ள ஊட்டுக்காரங்க நிக்கறாங்க. பொண்ணு எங்கன்னு கேக்கறாங்க. எனக்கே தெரியல! நைனா செத்து ஆறு மாசம்கூட ஆவல. நான் யாருகிட்ட போயி கேக்கறது?"

"எனக்கு மட்டும் யாரு இருந்தா?" குணசுந்தரியும் கத்தினாள். "பதினெட்டு வயசுல மெட்ராஸ்ல இறங்கி நின்னப்ப எனக்கு பயமா இல்ல? ரெண்டு தடவ கடுதாசி போட்டேன். பதிலு வந்துதா?"

"எனக்குப் படிக்கத் தெரியுமா?"

"அண்ணிக்குத் தெரியும் இல்ல?"

இருவரும் ஒரே நேரத்தில் தெய்வநாயகியைப் பார்த்தார்கள். அவள் தோணியில் உட்கார்ந்தபடியே, "படிச்சிக் காமிச்சேனே! 'மூடு வாய'ன்னு சொன்னது யாரு?" என்றாள்.

தோணிக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தசரதன் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். குணசுந்தரிக்கு முட்டியில் தண்ணீர் சில்லென்று இருந்தது. பதினோரு வருஷமாக நெஞ்சில் கிடந்ததைக் கத்தித் தீர்த்த பிறகு என்னமோ லேசாக இருந்தது.

"சரிண்ணா. உன் பாடு இது. உட்டுட்டு வான்னு கேக்கறது தப்புதான்" என்று திரும்பினாள். "கோட்டைக்குப்பம் கருப்பன இட்டாரச் சொல்றேன்."

"யாரு?"

"கருப்பன். டிரம்மு வாசிப்பாராமே."

"கருப்பனா? அவனா?" தசரதனின் குரல் மாறிவிட்டது. "அவன் டிரம்மு அடிக்கிறானா, மெத்தை தட்டுறானா? போன தை மாசம் எளாவூர் கல்யாணத்துல மாப்பிள்ள குதிர ரெண்டு தடவ நின்னு பூட்ச்சு அவன் அடிச்ச அடில! வெள்ளக்காரன் முன்னாடி நம்ம ஊரு டிரம்முன்னு அவன நிக்க வெப்பீங்களா?"

"வேற ஆளு இல்லியே."

தசரதன் வலையைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

"என் தம்பிய நிக்க வெக்கறேன்" என்றாள் தெய்வநாயகி அவன் கேட்பதற்கு முன்பே. "பக்கத்து வலையிலதான் கீறான். போ."

"உனக்காக வரல" என்றான் தசரதன், தங்கையைக் கடந்து தோணியைப் பார்த்து நடந்தபடி. "டிரம்முக்காக வரேன்."

"டிரம்முக்காகவே வா" என்றாள் குணசுந்தரி. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சேற்றில் ஓடமுடியாது. ஆனாலும் ஓடினாள்.

*

சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் ஒத்திகை. மத்தியான வெயில். தெருவிலிருந்த ஜனம் பாதி வந்து வேலி ஓரமாக நின்றுவிட்டது.

முதல் தடவை வாசித்தபோது கலந்தர் காதைப் பொத்திக்கொண்டார். குற்றம் ஒருவருடையதும் இல்லை. கல்யாண ஊர்வலத்தில் அடி ஒவ்வொரு காலுக்கும் ஒன்றாக விழவேண்டும். டம், டம், டம், டம். அப்போதுதான் ஊர்வலம் நடக்கும். ஜாஸுக்கு அது ஆகாது. அதற்கு அடி கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் தளர்ந்து, ஆட்டத்தோடு வரவேண்டும்.

"அண்ணா, நேரா அடிக்காத. கொஞ்சம் சாச்சி அடி."

"டிரம்ம எப்படிச் சாச்சி அடிக்கறது?" என்று டிரம்மையே சாய்த்தான் தசரதன்.

வேலி ஓரம் எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கு முகம் சுண்டியது. குணசுந்தரி வாயால் சொல்லிப் பார்த்தாள், கை தட்டிப் பார்த்தாள், கலந்தர் பாஸில் வாசித்துக் காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. பொழுது மேற்கே சரிய ஆரம்பித்தது.

திடீரென்று தசரதன் குச்சியைக் கீழே வைத்தான். முற்றத்து மூலையில் இருந்த ஒரு மூங்கிலை எடுத்தான். தோணி தள்ளுவதுபோல் தரையில் ஊன்றினான்.

"பாய், நீங்க வாசிங்க" என்றான்.

கலந்தர் வாசித்தார். தசரதன் மூங்கிலை ஊன்றித் தள்ளினான். உடம்பைப் பின்னால் விட்டான். ஊன்றி, விட்டான். ஊன்றி, விட்டான்.

"ஊனும்போது அடி இல்ல" என்றான், யாரிடமோ சொல்வதுபோல். "தோணி வழுக்குது பாரு, அங்கதான் அடி. சரியா?"

"அண்ணா!" என்று கத்தினாள் குணசுந்தரி. "அதேதான்! அதேதான்!"

அவன் மூங்கிலைப் போட்டுவிட்டு டிரம்மைத் தூக்கி மாட்டினான். அடித்தான். சைடு டிரம்காரருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. யூபோனியம் வந்தது. சம்பந்தம் நலங்குப் பாட்டை எடுத்தார். நூறு கல்யாணத்தில் கேட்ட பாட்டு. இப்போது அது இடுப்பை வளைத்து நடந்தது. வேலி ஓரத்தில் நின்ற ஒரு கிழவர் தன்னை மறந்து தோளைக் குலுக்கினார்.

குணசுந்தரி சாக்ஸபோனை வாயில் வைத்தாள்.

*

விருந்தாளிகள் வந்தபோது பந்தலுக்கு வெளியே பழவேற்காடே நின்றது. பஜார்க்காரர்கள், பசியாவரத்து ஆட்கள், தோணிரேவிலிருந்து வந்தவர்கள், கூடையோடு நின்ற பெண்கள், மதில்மேல் ஏறி உட்கார்ந்தவர்கள். ஹாலந்துக்காரர்கள் கல்லறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். இடது கோடியில் ஒல்லியாக, வெயிலில் சிவந்துபோன மனிதர் ஒருவர். அவர்தான் மெய்யர் என்று கலந்தர் கண்ணால் காட்டினார்.

தாசில்தார் மேடையைப் பார்த்தார். கோட்டு சூட்டோடு பேண்டு வரும் என்று காத்திருந்தவர் அவர். சம்பந்தம் பேண்டு செட்டின் சிவப்புச் சட்டைகளைக் கண்டதும் எழுந்து வரப் பார்த்தார். குணசுந்தரி அவர் கண்ணைச் சந்திக்காமல் முதல் பாட்டை ஆரம்பித்துவிட்டாள்.

ஆரம்பம் சரியில்லை. சம்பந்தம் பதட்டத்தில் ஒரு சுற்று முன்னதாகவே நுழைந்தார். யூபோனியம்காரர் அவரைத் துரத்திக்கொண்டு ஓடினார். தசரதனின் கை பழைய ஊர்வல அடிக்குப் போய்விட்டது. டம், டம், டம், டம். மெய்யர் மரியாதையாக முகத்தை வைத்துக்கொண்டு மடியைப் பார்த்தார். குணசுந்தரிக்கு அந்த மரியாதை அறைந்ததுபோல் இருந்தது.

தேவதாஸ் மாஸ்டர் எப்போதும் ஜனங்களைப் பார்த்துத்தான் நிற்பார். முதுகைக் காட்டுவது மரியாதை இல்லை என்பார். எட்டு வருஷமும் குணசுந்தரி அவர் முதுகைத்தான் பார்த்திருக்கிறாள்.

அவள் விருந்தாளிகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். தன் ஆட்களைப் பார்த்தாள். ஐந்து பேரின் கண்களும் அவளிடம் ஓடிவந்து ஒட்டிக்கொண்டன.

வாசித்துக்கொண்டே முழங்காலை மடக்கித் தளர்த்தினாள். ஊன்றி, விட்டாள். ஊன்றி, விட்டாள். தசரதன் பார்த்தான். அவன் உதடு அசைந்தது. அடுத்த சுற்றில் அடி வழுக்கி வந்து சரியான இடத்தில் விழுந்தது.

அவ்வளவுதான். அந்த நிமிஷத்திலிருந்து அது வேறு கச்சேரி.

கலந்தர் கண்ணை மூடிக்கொண்டு பாஸைக் கட்டிப் பிடித்து ஆட ஆரம்பித்தார். குணசுந்தரி நலங்குப் பாட்டின் முதல் வரியை எடுத்தாள், உடைத்தாள், தலைகீழாக்கினாள், ராயபுரம் மாதா கோயில் மணிபோல் அதை மேலே கொண்டுபோய் அங்கேயே தொங்கவிட்டாள். பெண்கள் பக்கமிருந்து யாரோ குலவையிட்டார்கள். அவள் அதையும் வாங்கி சாக்ஸபோனில் திருப்பிக் கொடுத்தாள். மதில்மேல் இருந்தவர்கள் ஓவென்று கத்தினார்கள்.

அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. அவள் சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்து, அதன் முனையால் சம்பந்தத்தைச் சுட்டிக் காட்டினாள்.

சம்பந்தம் பயந்துபோய், முடியாது என்று தலையாட்டினார். முப்பது வருஷமாக டிரம்பெட் வாசிப்பவர். ஒரு தடவைகூடத் தனியாக வாசித்ததில்லை. பேண்டு செட்டில் தனி என்று ஒன்று கிடையாது.

"வாசிண்ணே!" என்று பின்னாலிருந்து அதட்டினான் தசரதன்.

சம்பந்தம் வாசித்தார். முதலில் பாட்டை அப்படியே வாசித்தார். இரண்டாவது தடவை கடைசிச் சுரத்தை விட மனமில்லாமல் பிடித்து வைத்தார். மூன்றாவது தடவை அவர் கழுத்து நரம்பு புடைத்தது. டிரம்பெட்டை வானத்துக்குத் தூக்கினார். அவர் வயிற்றுக்குள் இத்தனை வருஷம் பூட்டிக் கிடந்தது எதுவோ ஏரிக்கு அக்கரைவரை போய் விழுந்தது. முடித்துவிட்டுத் தானே திடுக்கிட்டு நின்றார்.

மெய்யர் எழுந்து நின்றுவிட்டார். ஜனங்கள் கைதட்டவில்லை, கத்தினார்கள். குணசுந்தரிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தான் வாசித்து வாங்கிய எந்தக் கைதட்டலும் இப்படி இருந்ததில்லை. பேண்டை நடத்துவது என்றால் இதுதானா? இதைத்தான் மாஸ்டர் யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தாரா?

இரண்டாவது பாட்டு. மூன்றாவது பாட்டு. நாலாவதாக அவளும் கலந்தரும் ஓட்டலில் தினமும் வாசிக்கும் ஒரு புளூஸ், ஜாஸ்காரர்களின் சோகப் பாட்டு. மற்றவர்கள் காதால் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். அதன் முடிவில் தசரதனுக்குக் கைகாட்டினாள். அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு, வேறு யாரும் அங்கே இல்லாததுபோல், நெடுநேரம் அடித்தான்.

பெட்ரோமாக்ஸ் விளக்குகளை ஏற்றும் நேரத்தில் கச்சேரி முடிந்தது.

*

மெய்யர் நேராக மேடைக்கு வந்தார். குணசுந்தரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேகமாக ஆங்கிலத்தில் பேசினார். ஓட்டலில் எட்டு வருஷம் கழித்தவளுக்கு அது புரிந்தது. ஆகஸ்ட் மாதம் அவர் ஊரில் ஜாஸ் விழா. யாரை அழைப்பது என்று முடிவுசெய்கிறவர்களில் அவரும் ஒருவர்.

"இந்த பேண்டின் தலைவர் யார்?" என்று கேட்டார்.

அவள் பதில் சொல்வதற்குள் கூட்டம் விலகியது. தேவதாஸ் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.

புதுக் கோட்டு முழுக்கப் புழுதி. பொன்னேரியிலிருந்து உப்பு லாரியில் வந்திருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு நேரமாகக் கேட்டார் என்று யாருக்கும் தெரியாது. மெய்யர் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாஸ்டர் கோட்டிலிருந்த புழுதியைத் தட்டினார். பிறகு மெய்யரைப் பார்த்து, அவள் பக்கம் கையை நீட்டி, "இந்தப் பெண்" என்றார் ஆங்கிலத்தில்.

மெய்யர் மகிழ்ந்துபோனார். வியாழக்கிழமைவரை மதராஸில்தான் இருக்கப்போவதாகச் சொன்னார். கிளம்புவதற்கு முன் இவர்களுடைய முழுக் கச்சேரி ஒன்றைக் கேட்கவேண்டும். விழாவில் ஒவ்வொரு பேண்டும் இரண்டு மணி நேரம் வாசிக்கும். அதே இரண்டு மணி நேரம் வாசித்துக் காட்டமுடியுமா?

"முடியும்" என்றாள் குணசுந்தரி. யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது.

விருந்தாளிகளின் கார்கள் புறப்பட்டுப் போயின. மாஸ்டர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ரத்து பண்ணச் சொன்னேன்" என்றார்.

"ஆமா மாஸ்டர்."

"நாளையிலேருந்து ஓட்டலுக்கு வரவேணாம், குணசுந்தரி. என் பேண்டுல உனக்கு நாற்காலி இல்ல."

அவர் குரலில் கோபம் இருந்ததா என்று அவளுக்குப் புரியவில்லை. நாலடி போனவர் நின்று திரும்பினார்.

"அந்த டிரம்பெட்காரருக்கு நீ இடம் விட்ட பாரு" என்றார். மேலே ஏதோ சொல்ல வந்து, சொல்லாமலே கூட்டத்துக்குள் போய் மறைந்தார்.

தசரதன் டிரம்மைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு அவள் அருகே வந்தான். "இன்னா சொல்லிட்டுப் போறாரு?"

"வேல போச்சுண்ணா" என்றாள். சொல்லும்போதே சிரித்தாள். அடக்க முடியவில்லை.

"சிரிக்கிற?"

"வியாழக்கிழமை மெட்ராஸ்ல ரெண்டு மணி நேரம் வாசிக்கறேன்னு சொல்லிட்டேன். நல்லா இருந்தா ஹாலந்து."

"யாரு வாசிக்கறது?"

"நாமதான். நீ, நான், பாய், சம்பந்தண்ணன், எல்லாரும்."

கலந்தர் வானத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "நம்ம கிட்ட மொத்தமே நாலு பாட்டுதான் கீது குணா! அதையும் இப்பதான் வாசிச்சி முடிச்சோம். ரெண்டு மணி நேரத்துக்கு எங்க போறது? மெட்ராஸ்ல வாசிக்க மேடை எங்க கீது? இன்னிக்கே திங்கட்கிழமை!"

யூபோனியம்காரர் சிவப்புச் சட்டைப் பித்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். சம்பந்தம் டிரம்பெட்டைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தார்.

தசரதன் குனிந்தான். டிரம்மைத் தூக்கித் தோளில் மாட்டினான். வாரை இறுக்கினான்.

"சம்பந்தண்ணே!" என்று கூப்பிட்டான். "எங்க கிளம்பிட்ட? வந்து உக்காரு."